வலிக்குக் கஞ்சா மருந்து: எந்த வடிவில் என்பதே முதல் கேள்வி

“கஞ்சா எண்ணெய் தீராத வலிக்கு நல்லது என்கிறார்களே, மார்க்கத்தில் இது கூடுமா?” சில ஆண்டுகளாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி சுற்றிக்கொண்டே இருக்கிறது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மகன், ஊரில் மூட்டுவலியோடு படுத்திருக்கும் உம்மாவுக்கு ஒரு சிறிய பாட்டில் வாங்கி வரலாமா என்று கேட்கிறார். உடனே இரண்டு வகையான பதில்கள் வருகின்றன. “போதைப்பொருள், ஹராம், பேச்சே வேண்டாம்” என்பது ஒன்று. “மூலிகைதானே, டாக்டர்களே கொடுக்கிறார்களே” என்பது மற்றொன்று.

இரண்டுமே அவசரப் பதில்கள். ஏனெனில் மருத்துவக் கஞ்சா என்று ஒரே ஒரு பொருள் கிடையாது. புகையாக, ஆவியாக, விழுங்கும் எண்ணெயாக, காப்ஸ்யூலாக, வாயில் அடிக்கும் ஸ்பிரேயாக, மேலே பூசும் களிம்பாக அது பல வடிவங்களில் வருகிறது. வடிவம் மாறினால் அது உடலுக்குள் வேலை செய்யும் விதம் மாறுகிறது. போதை ஏறுமா, எவ்வளவு நேரம் இருக்கும், நுரையீரலுக்கு என்ன ஆகும், அதில் ஆல்கஹால் உண்டா, ஜெலட்டின் உண்டா, எந்த நாட்டில் எந்தச் சட்டம் பாயும் என எல்லாமே வடிவத்தைப் பொறுத்தவை. மார்க்கத் தீர்ப்பு கேட்பவர் ஆலிமிடம் “கஞ்சா கூடுமா” என்று மட்டும் கேட்டால், பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார்.

செடிக்குள் என்ன இருக்கிறது?

கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னபினாய்டு வேதிப்பொருட்கள் உண்டு. வலி தொடர்பாக நாம் அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று டிஹெச்சி. போதை தருவது இதுதான். வலி உணர்வைக் குறைக்கும் ஆற்றலும் பெரும்பாலும் இதனுடையதே. மற்றொன்று சிபிடி. இது போதை தருவதில்லை. சிலவகை வலிப்பு நோய்களில் இதன் பயன் நிரூபணமாகி, எபிடியோலெக்ஸ் என்ற மருந்தை 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. அது ‘வலிப்பு’க்கான மருந்து, ‘வலி’க்கானதல்ல. கடையில் விற்கும் சிபிடி எண்ணெய்க்குச் செய்யப்படும் விளம்பரங்களில் இந்த வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது.

டிஹெச்சியை 1964-ல் இஸ்ரேலைச் சேர்ந்த ரஃபேல் மெகூலம் தலைமையிலான ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். பின்னர் 1992-ல் அதே ஆய்வகம், மனித உடலே தனக்குள் சுரக்கும் ஒரு பொருள், கஞ்சா பொருந்தும் அதே ஏற்பிகளில் போய்ப் பொருந்துவதைக் கண்டுபிடித்தது. அதற்கு ‘ஆனந்தம்’ என்ற சொல்லிலிருந்து ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். வலி, பசி, உறக்கம், அச்சம் ஆகியவற்றைச் சமன் செய்ய இறைவன் நம் உடலில் அமைத்த ஒரு ஏற்பாடு அது. கஞ்சா வெளியிலிருந்து வந்து அதே பூட்டில் சாவியை நுழைக்கிறது. வலி குறைவதும் புத்தி தடுமாறுவதும் ஒரே சாவியின் இரண்டு திருப்பங்கள் என்பதால்தான் இதில் இத்தனை சிக்கல்.

நவீன மருத்துவத்துக்கு இதை அறிமுகப்படுத்தியதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. கல்கத்தாவில் பணியாற்றிய ஐரிஷ் மருத்துவர் வில்லியம் ஓ’ஷாக்னெஸ்ஸி, இங்குள்ள வைத்தியர்களின் வழக்கத்தைப் பார்த்து, கஞ்சாவைச் சாராயத்தில் ஊறவைத்த கரைசலை வாதவலிக்கும் தசை இழுப்புக்கும் கொடுத்துப் பார்த்து 1839-ல் அறிக்கை எழுதினார். அதன்பின் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் அது பல பத்தாண்டுகள் விற்பனையானது.

புகை: மருந்தல்ல

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். பீடியில் சுருட்டிப் புகைப்பது மருத்துவ முறையல்ல. எரியும் இலையிலிருந்து தாரும் கார்பன் மோனாக்சைடும் நுரையீரலுக்குள் போகின்றன. எவ்வளவு டிஹெச்சி உள்ளே போனது என்று அளக்கவும் முடியாது. பிரிட்டனில் 2018 நவம்பர் 1 முதல் சிறப்பு மருத்துவர்கள் கஞ்சா மருந்து எழுதலாம் என்று சட்டம் திருத்தப்பட்டபோதே, அதைப் புகைக்கக் கூடாது என்றும் சேர்த்தே எழுதினார்கள். “வலிக்காகத்தான் அடிக்கிறேன்” என்று தெருமுனையில் நிற்கும் இளைஞர் சொன்னால், அது மருத்துவம் அல்ல.

சில நாடுகளில் உலர்ந்த பூவை மருத்துவரே எழுதுவதுண்டு. ஆனால் அதை எரிப்பதில்லை. ஒரு கருவியில் சுமார் 180 முதல் 210 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, எரியாமல் எழும் ஆவியை மட்டும் இழுக்கிறார்கள். சில நிமிடங்களில் வேலை செய்யும், இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். திடீரென்று வெட்டி இழுக்கும் வலிக்கு இது உதவும் என்பார்கள். ஆனால் வேகமாக ஏறுவதுதான் போதையின் இயல்பும்கூட. பழக்கத்துக்கு அடிமையாகும் ஆபத்து இந்த முறையில் அதிகம். கள்ளச் சந்தையில் கிடைக்கும் டிஹெச்சி வேப் திரவம் இன்னும் மோசம். 2019-ல் அமெரிக்காவில் அத்தகைய திரவங்களில் கலக்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட் நுரையீரலைத் தாக்கியது. 2020 பிப்ரவரி வரையிலான கணக்கில் 2,807 பேர் பாதிக்கப்பட்டனர், 68 பேர் இறந்தனர்.

விழுங்கும் எண்ணெயும் காப்ஸ்யூலும்

நாள்பட்ட வலிக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதுவது இந்த வழியைத்தான். சொட்டு மருந்தாகவோ காப்ஸ்யூலாகவோ விழுங்குவது. தவறுகளும் இதில்தான் அதிகம் நடக்கின்றன என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

விழுங்கிய டிஹெச்சி நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே பெரும்பகுதி சிதைந்து, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அளவே ரத்தத்தை அடைகிறது. ஆனால் சிதைக்கும்போதே கல்லீரல் அதன் ஒரு பகுதியை 11-ஹைட்ராக்சி டிஹெச்சி என்ற மற்றொரு பொருளாக மாற்றுகிறது. அது மூளையை இன்னும் பலமாகப் பாதிக்கக்கூடியது. விளைவு தெரிய அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகும். உச்சத்தை அடைய இரண்டு முதல் நான்கு மணி நேரம். முழுதாக இறங்க எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

இந்தத் தாமதம்தான் ஆபத்து. இரவு எட்டு மணிக்குச் சொட்டு மருந்து கொடுத்தோம், ஒன்பதுக்கும் வலி போகவில்லை, சரி இன்னொரு வேளை கொடுப்போம் என்று கொடுத்துவிடுவார்கள். பத்தரைக்கு இரண்டும் சேர்ந்து ஏறும். எழுபது வயது உம்மாவுக்குத் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும், பார்ப்பவரை அடையாளம் தெரியாமல் பேசுவார், பாத்ரூமுக்கு எழும்போது விழுவார். முதியவருக்கு இடுப்பெலும்பு முறிவு என்பது மூட்டுவலியைவிடப் பல மடங்கு பெரிய சோதனை.

சாப்பாடும் கணக்கை மாற்றும். கன்னபினாய்டுகள் கொழுப்பில் கரைபவை. கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால் சிபிடி ரத்தத்தில் சேரும் அளவு நான்கு மடங்கு வரை உயரும் என்று எபிடியோலெக்ஸ் மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. வலீமா பிரியாணி சாப்பிட்ட இரவும் கஞ்சி குடித்த இரவும் ஒன்றல்ல. அதனால்தான் தினமும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி உணவுக்குப் பின் எடுக்கச் சொல்கிறார்கள்.

இதை அறிந்த மருத்துவர்கள் மிகக் குறைவாகத் தொடங்கி மிக மெதுவாக ஏற்றுகிறார்கள். 2021-ல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலில், பெரும்பாலான நோயாளிகளுக்கு முதலில் சிபிடி மட்டும் 5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை. அது நாளுக்கு 40 மில்லிகிராமை எட்டியும் பயனில்லை என்றால்தான் 2.5 மில்லிகிராம் டிஹெச்சி சேர்க்கப்படுகிறது. டிஹெச்சி நாளுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இது மருத்துவர் எப்படி நகர்கிறார் என்பதைக் காட்டச் சொன்னது, வீட்டில் அளந்து கொடுப்பதற்கு அல்ல.

காப்ஸ்யூல் வடிவில் உள்ள மரினாலும் செசமெட்டும் 1985-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. ஆனால் அந்த அனுமதி கீமோ சிகிச்சையால் வரும் வாந்திக்காக, வலிக்காக அல்ல. இரண்டுமே ஆய்வகத்தில் தயாரிக்கப்படும் செயற்கைப் பொருட்கள், செடியிலிருந்து எடுத்தவை அல்ல. மரினால் காப்ஸ்யூலின் உள்ளே நல்லெண்ணெய், மேலுறை ஜெலட்டின். ஜெலட்டின் மாட்டினுடையதா, பன்றியினுடையதா, மாட்டினுடையது என்றால் முறையாக அறுக்கப்பட்டதா என்று மருந்தாளரிடம் கேட்கலாம். ரசாயன மாற்றத்தால் அசுத்தம் நீங்கிவிடும் என்ற விஷயத்தில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. எண்ணெய்ச் சொட்டு வடிவம் இருக்கும் இடத்தில் அந்த விவாதத்துக்குள்ளேயே போகத் தேவையில்லை.

நாவின் அடியில், கன்னத்தின் உட்புறத்தில்

சாட்டிவெக்ஸ் என்பது வாயில் அடிக்கும் ஸ்பிரே. ஒரு முறை அழுத்தினால் 2.7 மில்லிகிராம் டிஹெச்சியும் 2.5 மில்லிகிராம் சிபிடியும் வரும். ஒரு நாளைக்கு அதிகபட்சம் 12 முறை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயில் வரும் தசை இறுக்கத்துக்காக அனுமதி பெற்றது. அளவு துல்லியமானது, ஒரு பகுதி வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் சேருவதால் விழுங்குவதைவிடச் சற்று வேகமானது.

ஆனால் நம்மில் பலர் கேட்காத ஒன்று உண்டு. அந்தத் திரவத்தில் ஏறத்தாழ பாதி ஆல்கஹால். ஒரு ஸ்பிரேயில் 40 மில்லிகிராம் வரை. அளவில் மிகச் சிறியதுதான், 12 முறை அடித்தாலும் அரை கிராமுக்குக் கீழே. இருந்தாலும் எடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் கிடைக்கும் சின்ட்ராஸ் என்ற டிஹெச்சி திரவத்திலும் ஆல்கஹால் உண்டு. எபிடியோலெக்ஸிலும் உண்டு. நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ கரைத்த சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் ‘இதர சேர்மானங்கள்’ என்ற பகுதியைப் படித்தால் தெரிந்துவிடும்.

நாவின் அடியில் விடும் எண்ணெய்ச் சொட்டு பற்றி ஒரு வார்த்தை. வேகமாக உறிஞ்சும் என்பார்கள். உண்மையில் எண்ணெயின் பெரும்பகுதி எச்சிலோடு தொண்டைக்குள் போய்விடுகிறது. ஆகவே அதையும் விழுங்கும் மருந்தாகக் கருதி, அதே பொறுமையோடு இருப்பதே பாதுகாப்பு.

களிம்பு, பட்டை வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேலே பூசும் களிம்பில் ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு, போதை கிடையாது. மார்க்க ரீதியாகப் பார்த்தால் சிக்கல் குறைந்த வடிவம் இதுதான். ஆனால் வலியைக் குறைக்கிறது என்பதற்கான ஆதாரமும் இதற்குத்தான் மிக மெலிது. முழங்காலில் தேய்த்தபின் வரும் இதத்தில் தேய்த்த கைக்கும் பங்கு இருக்கும்.

உண்மையில் வலி குறைகிறதா?

விளம்பரங்களில் வருவதைப் போல அல்ல. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2017-ல் வெளியிட்ட பெரிய அறிக்கை, பெரியவர்களின் நாள்பட்ட வலியில் கஞ்சாவுக்குப் பயன் உண்டு என்பதற்குக் கணிசமான ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. இரண்டே ஆண்டுகளில், 2019 நவம்பரில், பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், நாள்பட்ட வலிக்கு டிஹெச்சி மருந்துகளை எழுத வேண்டாம் என்றும், சிபிடியை ஆய்வுகளுக்குள் மட்டும் பயன்படுத்துங்கள் என்றும் வழிகாட்டியது. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கமும் 2021-ல் பொதுவான பயன்பாட்டை ஆதரிக்க மறுத்தது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான வல்லுநர் குழுவின் பரிந்துரை நடுவழியில் நின்றது. மற்ற சிகிச்சைகள் போதாதபோது, புகையோ ஆவியோ அல்லாத வடிவத்தில் முயன்று பார்க்கலாம் என்றது. அதையும் பலவீனமான பரிந்துரை என்று அவர்களே வகைப்படுத்தினார்கள். 32 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், போலி மருந்து எடுத்தவர்களைவிட நூற்றுக்குப் பத்துப் பேர் அளவிலேயே கூடுதலாகப் பயன் பெற்றிருந்தார்கள்.

ஆக, சிலருக்குச் சிறிதளவு உதவும். நரம்பு சேதத்தால் வரும் எரிச்சல் வலிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. நம் வீடுகளில் அதிகம் கேட்கும் மூட்டுத் தேய்மான வலிக்கு அத்தகைய ஆதாரம் இல்லை. எதிர்ப்பக்கத்தில் மயக்கம், வாய் வறட்சி, மனப்பதற்றம் உண்டு. மனநோய் வரலாறு உள்ள குடும்பங்களில் அது கிளர்ந்தெழும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தப்போக்கு ஏற்படலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தொடவே கூடாது.

கடையில் வாங்கும் சிபிடி பாட்டிலை நம்பலாமா? அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் விற்பனையான 84 சிபிடி பொருட்களை வாங்கிச் சோதித்து 2017-ல் வெளியிட்ட முடிவில், லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 31 சதவீதத்தில் மட்டுமே. 18 பாட்டில்களில் டிஹெச்சி இருந்தது. போதை இல்லாதது என்று நம்பி வாங்கிய பாட்டிலிலிருந்து போதைப்பொருள் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நபி (ஸல்) அவர்கள் காலத்து அரபு மக்களிடையே கஞ்சா புழக்கத்தில் இருக்கவில்லை. ஆனால் போதை தருவது அனைத்தும் தடை என்பதும், அதிகம் எடுத்தால் போதை தருவதில் குறைவும் தடை என்பதும் நபிமொழிகளில் உறுதியானவை. ஹஷீஷ் என்ற பெயரில் இது முஸ்லிம் நாடுகளில் பரவியபோது இப்னு தைமிய்யா (ரஹ்) கடுமையாகக் கண்டித்தார்கள். ஷாஃபி மத்ஹபின் இமாம் ஸர்கஷீ (ரஹ்) இதன் தடை குறித்து தனி நூலே எழுதினார்கள். இன்பத்துக்காக எடுப்பது ஹராம் என்பதில் உலமாக்களிடையே பேச்சுக்கு இடமில்லை.

மருத்துவத் தேவை வேறு வாசல். ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட பட்டாடையை, தோல் அரிப்பால் அவதிப்பட்ட அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) இருவருக்கும் நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. அரிப்புக்கே சலுகை இருந்தது. மறுபக்கம், ஹராமாக்கப்பட்டதில் இறைவன் நிவாரணத்தை வைக்கவில்லை என்ற இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் கூற்றும் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்தே ஃபிக்ஹ் அறிஞர்கள் பேசினார்கள். நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்), அழுகிய உறுப்பை வெட்டி எடுக்கும்போது வலி தெரியாமலிருக்க புத்தியை மயக்கும் செடி மருந்தைக் கொடுப்பது கூடும் என்பதையே சரியான கருத்தாகக் கொண்டார்கள். மாலிகி அறிஞர் கராஃபீ (ரஹ்) மதுவையும் புத்தியை மந்தமாக்கும் செடிகளையும் தனித்தனி வகையாகப் பிரித்தார்கள். அத்தகைய செடி, மதுவைப் போல அசுத்தம் அல்ல என்பதும், புத்தியைப் பாதிக்காத சிறிய அளவு வேறு கணக்கு என்பதும் அவர்களின் கருத்து.

ஆல்கஹால் கலந்த மருந்து குறித்து, சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1986-ல் அம்மானில் கூடியபோது தெளிவாகவே முடிவெடுத்தது. ஆல்கஹால் இல்லாத மாற்று கிடைக்காமல், தன் தொழிலில் நம்பகமான மருத்துவர் எழுதிக் கொடுத்தால் நோயாளி எடுக்கலாம் என்றது.

இந்த அளவுகோல்களைக் கஞ்சா மருந்தின் மேல் வைத்துப் பார்த்தால் கேள்விகள் தாமாகவே வரும். வலி தாங்க முடியாததா, பொறுக்கக்கூடியதா? போதை தராத மருந்துகள் அனைத்தும் முயன்று முடிந்தனவா? எழுதியவர் அந்த நோயில் தேர்ந்த மருத்துவரா, இணையத்தில் பாட்டில் விற்பவரா? புத்தியைத் தடுமாறச் செய்யாத வடிவமும் அளவும் கிடைக்கிறதா? என் பார்வையில், சாதாரண மூட்டுவலிக்கு ‘இயற்கை மருந்து’ என்று டிஹெச்சி எண்ணெய் எடுப்பவருக்கு நிர்ப்பந்தம் என்ற வாசல் திறக்கவில்லை. எதற்கும் அடங்காத நரம்பு வலியால் மாதக்கணக்கில் உறங்காத ஒருவருக்கு, சட்டம் அனுமதிக்கும் நாட்டில், வலி சிறப்பு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் நிலைமை வேறு. அவர் தன் ஆலிமிடம் மருந்தின் வடிவம், அளவு, சேர்மானம் மூன்றையும் சொல்லிக் கேட்கட்டும்.

தொழுகையும் நோன்பும் இதில் உண்டு. போதை நிலையில் தொழுகையை நெருங்கக் கூடாது என்பது குர்ஆனின் கட்டளை. விழுங்கும் வடிவம் எட்டு மணி நேரம் வரை நிற்கும் என்று மேலே பார்த்தோம். இஷா தொழுத கையோடு எட்டரைக்கு எடுத்தால் ஃபஜ்ருக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். நள்ளிரவில் வலி தாங்காமல் எடுத்தால் ஃபஜ்ர் நேரத்தில் புத்தி மந்தமாகவே இருக்கலாம். வேளையை முடிவு செய்யும்போது மருத்துவரிடம் இதைச் சொன்னால் அவர் மாற்றித் தருவார். நோன்பில் விழுங்கும் மருந்தும் புகையும் ஆவியும் நோன்பை முறிக்கும். தோல் வழியாகச் சேரும் களிம்பும் பட்டையும் முறிக்காது என்று அதே அகாடமி 1997-ல் தீர்மானித்தது. நாவின் அடியில் கரையும் மருந்தும், தொண்டைக்குப் போவதை விழுங்காமல் தவிர்த்தால் முறிக்காது என்றது. எண்ணெய்ச் சொட்டில் அது நடைமுறையில் முடியாத காரியம். வலி நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது, களாவோ ஃபித்யாவோ இருக்கிறது. மருந்தைப் பகலில் நிறுத்தி வலியோடு போராட வேண்டியதில்லை.

பெட்டியில் வைப்பதற்கு முன்

கனடாவில் கடையில் ரசீதோடு வாங்கியது சென்னை விமான நிலையத்தில் குற்றமாகிவிடும். இந்தியாவின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் கஞ்சாப் பூவையும் பிசினையும் தடை செய்கிறது. பூவோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. இலையிலிருந்து எடுத்த சாறு ‘விஜயா’ என்ற ஆயுர்வேதப் பெயரில், ஆயுஷ் உரிமத்துடன் மருத்துவர் சீட்டுக்கு விற்கப்படுவது இந்த இடைவெளியால்தான். இலையிலும் டிஹெச்சி உண்டு. ஆயுஷ் முத்திரை இருப்பது போதை இல்லை என்பதற்கான சான்றல்ல. சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் ஹெம்ப் விதை எண்ணெய் வேறு, அது சமையல் எண்ணெய் வகை, வலிக்கு ஒன்றும் செய்யாது.

வளைகுடா நாடுகளுக்குப் போவோர் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். சவூதியிலும் அமீரகத்திலும் சிபிடி எண்ணெயே பெரும் வழக்கில் சிக்க வைக்கும். பிரிட்டன் டாக்டரின் சீட்டு அங்கே தானாகக் காப்பாற்றாது. ஊருக்கு வரும் வழியில் துபாயில் விமானம் மாறுவோருக்கும் இது பொருந்தும். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கு. 2023 ஏப்ரலில் ஒரு கிலோ கஞ்சா வழக்கில் ஒரு தமிழருக்கு அது நிறைவேற்றப்பட்டது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டிருந்தாலும் குற்றமே. “இந்த பார்சலை உங்கள் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், பாட்டிக்கு வலி மருந்து” என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஊரில் இருப்பவருக்கு

தமிழ்நாட்டில் இருக்கும் வலி நோயாளிக்குக் கஞ்சா எண்ணெயைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. சர்க்கரை நோயால் பாதம் எரிபவருக்கு டுலாக்செடின், பிரகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் உண்டு. கஞ்சாவைவிட இவற்றுக்கு ஆதாரம் அதிகம், விலை குறைவு, சட்டச் சிக்கல் இல்லை. முழங்கால் தேய்மானத்துக்கு எடைக் குறைப்பும் தொடைத் தசைக்கான பிசியோதெரபியும் எந்த எண்ணெயையும்விட நன்றாக வேலை செய்யும்.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் இருக்கிறது. “கடைசிக் காலத்தில் போதை மருந்து வேண்டாம், கலிமா சொல்ல முடியாமல் போய்விடும்” என்று பயந்து, வாப்பாவுக்கு மார்ஃபின் கொடுக்க மறுக்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அதே வீட்டில் கஞ்சா எண்ணெய் பற்றி விசாரிப்பதையும் காணலாம். சரியான அளவில் வேளாவேளைக்குக் கொடுக்கப்படும் மார்ஃபின் மாத்திரை வலியைத் தணிக்கும். முதல் சில நாட்களின் தூக்கக் கலக்கம் பெரும்பாலும் தானாகத் தெளிந்துவிடும். வலியில் துடிப்பவரைவிட வலி தணிந்தவருக்குத்தான் திக்ரும் தொழுகையும் எளிது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டபின், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகள் இதை வைத்திருப்பது எளிதாகியிருக்கிறது.

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் தொடங்கிய வலி தணிப்பு சிகிச்சை, பின்னர் மலப்புறத்தின் முஸ்லிம் தன்னார்வலர்களால் வீடு வீடாகப் பரவியது. வேலூர் சி.எம்.சி.யிலும் வலி தணிப்புப் பிரிவு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்பவருக்கு வீட்டுக்கே வந்து வலி தணிப்பு சிகிச்சையும் பிசியோதெரபியும் தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்தால் போதும், கட்டணம் இல்லை.